தம்பி அக்னிவீரில் சேரணும்கிறான், என்ன சொல்வது?

அக்கா, தம்பி பி.காம் இரண்டாம் ஆண்டை விட்டுவிட்டு அக்னிவீரில் (ராணுவத்தில் குறுகிய காலத்துக்கு மட்டும் எடுக்கும் வேலை) சேரத் துடிக்கிறான், ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பணம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதலில் கணினித் தேர்வு, அப்புறம் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை. இதில் யாரும் இடம் வாங்கித் தர முடியாது.

தம்பியிடம் "போகாதே" என்றால் பிடிவாதம்தான் கூடும். அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பயிற்சியும் சேர்த்து 4 வருடம். முதல் வருடம் மாதம் 30,000. சேவா நிதிக்கு (பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேமிப்பு) 30 சதவீதம் போய் கையில் 21,000. அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து முடிவில் 11 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று 2022-இல் அறிவித்தபோதே சொல்லிவிட்டார்கள். (ரீல்ஸில் இது வராது.) வெளியே வருபவர்களுக்குத் துணை ராணுவத்தில் ஒதுக்கீடு உண்டு, ஆனால் அங்கேயும் தேர்வாக வேண்டும். பிடிக்கவில்லை என்று நடுவில் கிளம்பவும் முடியாது.

"அந்த மீதி 75-இல் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள், பதிலை அவனே தேடட்டும். ஊரில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களிடம் பேசுவதும் நல்லதுதான். ஆனால் அவர்கள் சொல்வது பென்ஷன் இருந்த காலத்துக் கதை. என்னைக் கேட்டால், டிகிரியை முடித்துவிட்டு, வயது வரம்பு இடம் கொடுத்தால் போகட்டும்.