அமெரிக்க ராணுவத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு முன் என்ன நடக்கும்?

முகாமில் இறங்கிய மறுநாளே ஓட்டமும் துப்பாக்கியும் தொடங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்காது. தரைப்படையின் 10 வாரப் பயிற்சிக்கு முன்னால் ‘வரவேற்பு’ என்றொரு கட்டம் உண்டு. பெயரைப் பார்த்து மாலை மரியாதையை எதிர்பார்த்துவிடாதீர்கள்.

பல நாட்கள் நீளும் இந்தக் கட்டத்தில் முக்கிய வேலையே வரிசையில் நிற்பதுதான். படிவங்கள், ரத்தப் பரிசோதனை, பல், கண் சோதனை, சீருடை, அடையாள அட்டை, சம்பளத்துக்கான வங்கி விவரம் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. தடுப்பூசிகள் அடுத்தடுத்துப் போடப்படும். ஆண்களுக்கு முடிவெட்ட ஓரிரு நிமிடம் போதும். வெளியே வந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனையே அடையாளம் தெரியாது.

கடல்வழித் தாக்குதலுக்கான தனிப் படையான மரைன் படையில் நாடகத்தன்மை அதிகம். அதன் பயிற்சி முகாம்கள் இருக்கும் பாரிஸ் தீவிலும் (பிரான்ஸின் பாரிஸ் அல்ல, அமெரிக்காவில் உள்ளது) சான் டியாகோவிலும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தரையில் தீட்டியிருக்கும் மஞ்சள் பாதச் சுவடுகளின் மேல் போய் நிற்க வேண்டும். பிறகு வீட்டுக்கு ஒரு போன். எழுதிவைத்திருக்கும் சில வரிகளை உரக்க வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். மறுமுனையில் அம்மா அழுதாலும் ஆறுதல் சொல்ல நேரமில்லை.

என்னைக் கேட்டால், பயிற்சியாளர்களின் அதட்டலைவிடத் தூக்கமின்மையும் காத்திருப்பின் சலிப்பும்தான் ஆளை அதிகம் வாட்டும். மரைன் படையில் பயிற்சிக்கு முன்பே தொடக்க உடற்தகுதித் தேர்வும் உண்டு. அதில் தேறாதவர்கள் உடலை வலுப்படுத்தும் தனிப் பிரிவுக்கு அனுப்பப்படலாம். அப்போது வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகும்.