23 நாள்கள் எங்கே போயின?

கேள்வி: நானும் என் நண்பரும் புகைப்பழக்கத்தை விட உதவும் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். புகைக்காமல் கழிந்த நாள்கள், மிச்சமான பணம், உடலில் ஏற்படும் முன்னேற்றம் ஆகியவற்றை அது காட்டும். சோதனைக்குக் கொடுத்தபோது, பலர் பத்து நாளுக்குள் அதைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். 23 நாள் தாக்குப்பிடித்த ஒருவர், ஒரே ஒரு சிகரெட் பிடித்ததைப் பதிவு செய்தார். எண்ணிக்கை பூஜ்யமானது. அன்றே செயலியை நீக்கிவிட்டார். எங்கே தவறினோம்?

பதில்: அவர் உண்மையைச் சொன்னார், உங்கள் செயலி அதற்குத் தண்டனை கொடுத்தது. தவறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிகரெட்டால் 23 நாள்கள் அழிந்துபோவதில்லை. ஆனால் திரையில் பூஜ்யத்தைக் கண்டதும் மனம் வேறு கணக்குப் போடுகிறது: ‘எல்லாம் போயிற்று, இனி ஒன்று பிடித்தால் என்ன, பத்துப் பிடித்தால் என்ன?’ அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980-களிலேயே இதை விளக்கினார். சறுக்கியவர் தன்னைக் கையாலாகாதவன் என்று முடிவு கட்டிக்கொள்வதுதான், ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுகிறது.

அதற்காக ‘பரவாயில்லை’ என்று முதுகைத் தட்டிக்கொடுத்தும் விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வாரங்களில் ஒரு சிகரெட் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே சறுக்கலுக்கென்று தனித் திரை வேண்டும். முதலில் ‘24 நாளில் 23 நாள் புகைக்கவில்லை’ என்று காட்டுங்கள். அடுத்து மூன்றே கேள்விகள்: எங்கே இருந்தீர்கள்? யாருடன்? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? கடைசியாக ஒரு வேலை: மீதி சிகரெட் கையில் இருந்தால் இப்போதே நீரில் நனைத்து எறிந்துவிடுங்கள். நாளை வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அந்த மீதிப் பெட்டி இரவைத் தாண்டாது.

இனி ஏக்கம் எழும் நேரத்துக்கு வருவோம். ஒரு கையில் போன் இருக்கும். மறு கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் அப்படி நின்றுகொண்டு ஒரு செயலியைத் திறந்திருக்கிறார். அது கடவுச்சொல் கேட்டது. இரண்டு முறை தவறாகத் தட்டினார். மூன்றாவது முறை தட்டவில்லை, பற்றவைத்துவிட்டார். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தானாகத் தணியக்கூடியது. அந்தச் சில நிமிடங்களைக் கடத்தத்தான் உங்கள் செயலி தேவை. அதனால் முகப்பிலேயே ஒரு பெரிய பொத்தான் இருக்கட்டும். இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். அழுத்தியதும் அவருடைய சொந்தக் குரல் ஒலிக்க வேண்டும். ‘நான் ஏன் விடுகிறேன்’ என்பதை முதல் நாளே அவரைப் பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த நிபுணரின் அறிவுரையைவிடவும் அது ஆழமாகத் தைக்கும். அதற்குக் கீழே, அவர் நம்பும் ஒருவரை ஒரே தட்டலில் அழைக்கும் வசதி போதும்.

அழகான வரைபடங்களுக்குச் செலவிடும் உழைப்பை இதில் போடுங்கள். பிரிட்டனில் சுமார் 5,800 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் வெறும் குறுஞ்செய்திகளைத்தான் பயன்படுத்தினார்கள். முதல் ஐந்து வாரங்கள் நாளுக்கு ஐந்து செய்திகள், பிறகு வாரத்துக்கு மூன்று. ஏக்கம் வந்தாலோ சறுக்கினாலோ ஒரு சொல் அனுப்பினால் உடனே பதில் வரும். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனை மூலம் உறுதி செய்தபோது, உதவி பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 4.9 சதவீதம் பேர்தான். பழக்கத்தை விடுவது எவ்வளவு கடினம் என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

எனவே செயலியால் மட்டும் முடியாதவர்களை முதல் நாளே கண்டறிய வேண்டும். ‘தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நிகோடின் பிடி மிக இறுக்கமானது என்று பொருள். அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆலோசனையோடு நிகோடின் மாற்று சிகிச்சை (புகையில்லாமல் பட்டை, சூயிங்கம் வழியாக நிகோடின் தருவது), ஏக்கத்தைக் குறைக்கும் வரெனிக்லின் போன்ற மருந்துகளையும் பரிந்துரைக்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று காபி. புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரல் கஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமான அளவு குடித்தாலே கஃபீன் ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். படபடப்பு வரும், தூக்கம் கெடும். பாவம், அவர் அதையும் சிகரெட் இல்லாத குறையென்று நினைத்துக்கொள்வார். முதல் வாரத்தில் ‘காபியைப் பாதியாகக் குறையுங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள். இதே காரணத்தால் மனச்சிதைவு நோய்க்கான க்ளோசபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவையும் மருத்துவர் மாற்ற நேரலாம். ஆகவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தொடக்கத்திலேயே கேட்டு, மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மிச்சமான பணத்தைக் காட்டுவது நல்லதே; அப்படியே இருக்கட்டும்.

திறக்காமல் விட்டவர்களை எண்ணிக் கலங்குகிறீர்கள். சிலர் பழக்கத்தை விட்டதோடு செயலியையும் மறந்திருக்கலாம். தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது விளம்பரம் விற்பவர்களுக்கான அளவுகோல். நீங்கள் ஆறு மாதம் கழித்து ‘இப்போது புகைக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பதில் தராதவர்களைப் புகைப்பவர்கள் என்றே கணக்கில் வையுங்கள். ஆய்வுகளில் அதுதான் நடைமுறை. இந்தத் தகவல் எதையும் காப்பீட்டு நிறுவனங்களுக்கோ விளம்பரதாரர்களுக்கோ கொடுக்கவே கூடாது.

புதிய பதிப்பு வெளிவர நாளாகும். அந்த 23 நாள்காரரைத் தொடர்புகொள்ள அவர் சம்மதித்திருந்தால் இன்றே எழுதுங்கள். பூஜ்யம் காட்டியது உங்கள் பிழை என்று சொல்லுங்கள்; இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.