கண் நலம்: கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. புல் வெட்டும்போது துரும்பு பட்டு, பூஞ்சைப் புண்ணாகி, வலது கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டது. புதிய கருவிழி உடனே கிடைக்காததால், கிளிசரினில் பதப்படுத்திய தானக் கருவிழியை வைத்துத் தைக்கப் போகிறார்களாம். பார்வை திரும்புமா, டாக்டர்?
– வாசகி, பிறை, பினாங்கு

பதில்: இது கண்ணைக் காப்பாற்றச் செய்யும் அறுவை, அம்மா. தெளிவான பார்வையை இதில் எதிர்பார்க்க முடியாது. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டைப் பிரித்ததும் எல்லாம் தெரியும் என்று காத்திருந்தால் மனமுடைந்து போவார்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் உள்ள தெளிவான படலம் (கார்னியா). அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காக இருக்கும் செல்கள் ஓயாமல் நீரை வெளியேற்றுவதால்தான் அது கண்ணாடிபோல் இருக்கிறது. ஊட்டத் திரவத்தில், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் இந்தச் செல்கள் ஏறத்தாழ 14 நாள் தாங்கும். கிளிசரினோ திசுவின் நீரை உறிஞ்சிவிடும், செல்கள் செத்துவிடும். நார்ப்பகுதி மட்டும் உறுதி குலையாமல், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஓட்டையை அடைக்க அது போதும்.

அறுவைக்கு முன் அந்தத் திசுவைக் கிளிசரின் போகக் கழுவி, உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். விறைப்பாக இருந்தது மெல்ல இளகும். புண்ணை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எடுத்து, அந்தக் குழியைவிடக் கால் முதல் அரை மில்லிமீட்டர் பெரிய துண்டை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய, ‘10-0’ என்ற அளவுள்ள நைலான் இழையால் தைப்பார்கள். துண்டு சிறுத்துப்போனால் தையல் இழுபட்டு ஓரத்தில் கசியும்.

எனக்குள்ள பெரிய கவலை பூஞ்சைதான். ஓரத்தில் கொஞ்சம் தங்கினாலும் புதுத் திசுவுக்குள் பரவிவிடும். அதனால் பூஞ்சைக் கொல்லிச் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் நாள்வரை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே வேண்டாம். பூஞ்சை அதில் வேகமாக வளரும். தூங்கும்போது கண்கவசம் கட்டாயம். வலி கூடினாலோ, கண்ணிலிருந்து வெதுவெதுப்பாக நீர் வழிந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புண் முழுவதும் ஆறி, கண் அமைதியான பிறகு, சில மாதங்கள் கழித்து, உயிருள்ள செல்கள் கொண்ட கருவிழியைப் பார்வைக்காகப் பொருத்தலாம். விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கவேண்டும்.

கேள்வி: கருவிழி மாற்ற இரத்த வகை பொருந்த வேண்டுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பொதுவாகத் தேவையில்லை. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. பழைய புண்ணால் குழாய்கள் உள்ளே வளர்ந்திருந்தால் பொருத்திய கருவிழியை உடல் நிராகரிக்கும் வாய்ப்புக் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மாற்றிய பிறகு கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.