ரம்மியை விட்ட பிறகும் கண் ஏன் அந்தப் பச்சைக்கே போகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். 2 வருடம் போனில் காசு வைத்து ரம்மி ஆடினேன். கடன் கழுத்துக்கு வந்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். 7 மாதம் ஆகிறது. அந்த ஆப்பில் ஜெயிக்கும்போதெல்லாம் ஒரு இளம்பச்சை வட்டம் மின்னும். இப்போது ரேக்கில் மருந்து தேடினால், அதே பச்சையில் இருக்கும் பெட்டி மேல்தான் முதலில் கண் போகிறது. போன வாரம் அவசரத்தில் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டேன். பில் போடும்போது பெயரைப் பார்த்து மாற்றினேன். அந்த ஆசை இன்னும் எனக்குள் இருக்கிறதா? மூளையில் ஏதாவது கோளாறா? மனைவியிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கோளாறு இல்லை. நீங்கள் மறுபடி ஆடப்போகிறீர்கள் என்பதற்கு அடையாளமும் இல்லை. இரண்டு வருடம் காசு கொடுத்துப் பழக்கிய ஒரு நிறத்தை உங்கள் கண் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஆண்டர்சன், ஸ்டீவன் யாண்டிஸ் ஆகியோர் செய்து 2011-ல் வெளியிட்ட ஒரு சோதனை கிட்டத்தட்ட உங்கள் கதைதான். திரையில் பல நிறங்களில் 6 வட்டங்கள் வரும். அவற்றில் சிவப்போ பச்சையோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் கோடு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் காசு. ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் 5 சென்ட், இன்னொன்றுக்குப் பெரும்பாலும் 1 சென்ட். இப்படி நூற்றுக்கணக்கான முறை.

அப்புறம் விளையாட்டை மாற்றிவிட்டார்கள். இனி காசு கிடையாது, நிறத்தைக் கவனிக்கவே வேண்டாம், வடிவத்தில் மாறுபட்டிருப்பதை மட்டும் தேடுங்கள் என்றார்கள். அப்படியும் 5 சென்ட் கொடுத்த நிறம் திரையின் ஏதோ ஒரு மூலையில் இருந்தால், தேடுவதைக் கண்டுபிடிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனது. ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் கவனம் ஒரு முறை அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

உங்களுக்கு முக்கியமானது அடுத்த செய்தி. அதே ஆய்வுக்கூடம், பயிற்சி பெற்றவர்களை 7 முதல் 9 மாதங்கள் கழித்துத் திரும்ப அழைத்துச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. இடையில் அவர்களுக்கு அந்த நிறத்துக்காக யாரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனாலும் பழைய நிறம் அவர்கள் கவனத்தை இழுத்தது. அவர்கள் பயிற்சி பெற்றது கொஞ்ச நேரம்தான். நீங்கள் பயிற்சி பெற்றது 2 வருடம், அதுவும் சில்லறைக்காக இல்லை, குடும்பப் பணத்தை வைத்து. 7 மாதத்தில் கண் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

சிட்னியில் இதையே இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். அதிகக் காசைக் குறிக்கும் நிறத்தின் பக்கம் கண் போனாலே அந்தச் சுற்றுக்கான காசு ரத்து. பார்க்காமல் இருப்பதுதான் லாபம். அப்படியும் கண்கள் அதை நோக்கிப் போயின. சிகரெட்டை விட்டவர்கள் என்னிடம் சொல்வதும் இதுதான்: பெட்டிக்கடையில் எத்தனையோ பொருள் தொங்கினாலும் தாங்கள் பிடித்த பிராண்டு மட்டும் முதலில் தெரிகிறதாம். அதை ஒரு குற்றம் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்பாராமல் ஒரு பரிசு கிடைக்கும்போது டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. அந்த நேரம் கண் முன் இருந்த நிறம், வடிவம், சத்தம் எல்லாவற்றுக்கும் மூளை ஒரு மதிப்புப் போட்டு வைக்கிறது. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத சூதாட்டத்தில் இந்தப் பாடம் மிக ஆழமாகப் பதியும். நீண்ட நாள் பழகிய மதிப்புகளை மூளையின் அடியாழத்தில் காடேட் என்ற உறுப்பின் வால் பகுதி வைத்திருப்பதாகக் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணைத் திருப்பும் பகுதிக்கு அங்கிருந்து பாதை இருக்கிறது. உங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு அது வேலை செய்வதில்லை.

பார்த்த பிறகு நடப்பதுதான் நான் கவனிக்கும் இடம். அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஆப்பைத் திரும்ப ஏற்றத் தோன்றுகிறதா? ஒரே ஒரு ஆட்டம் என்று மனம் கணக்குப் போடுகிறதா? விட்ட பணத்தைப் பிடிக்கும் யோசனையில் தூக்கம் கெடுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் தாமதிக்காமல் அன்றே பேசுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால் குடைச்சலுக்கும் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல், மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோல் ஆகியவை சிலருக்குச் சூதாட்ட வெறியைத் தூண்டுவது உண்டு. ஆட ஆரம்பித்த காலத்தில் இவற்றில் ஏதாவது எடுத்தீர்களா? இப்போதும் எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார்.

சரி, கடைக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் தவறான மருந்து இன்னொருவர் உடம்புக்குள் போகும். நிறத்தை வைத்துப் பெட்டி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, எந்த ரேக், எந்த வரிசை என்று தீர்மானித்த பிறகு கையை நீட்டுங்கள். தேடும் இடம் சுருங்கினால் கண் அலைய வாய்ப்பும் குறையும். எடுத்ததும் ஒரு முறை, பில் போடும்போது ஒரு முறை பெயரைப் படியுங்கள். போன வாரம் உங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது பார்வைதான். கூட்டம் அதிகமான நேரத்திலும், தூக்கம் குறைந்த நாளிலும் உடன் வேலை செய்பவரை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போனில் அந்த ஆப்பின் விளம்பரமோ மெசேஜோ வந்தால் முடக்குங்கள். சில மாதங்களுக்குத் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கலாம், செட்டிங்ஸில் அந்த வசதி இருக்கிறது. பரிசு எதுவும் இல்லாமல் அந்தப் பச்சையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது இழுப்பு மெல்ல மங்கும். ஒரு மருந்துப் பெட்டியாகவே தினமும் அதைப் பார்ப்பதும் ஒரு விதத்தில் உதவிதான்.

மனைவியைப் பற்றி. கடன் கதையையே கேட்டுவிட்டு உங்களோடு நிற்பவர் அவர். நீங்கள் மறைத்து, அவராகக் கண்டுபிடித்தால் மறுபடி ஆடுகிறீர்கள் என்றுதான் நினைப்பார். சொல்ல வார்த்தை வரவில்லை என்றால் உங்கள் கேள்வியையும் இந்தப் பதிலையும் அப்படியே அவரிடம் படிக்கக் கொடுங்கள்.