மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. ஒரு பண்டைக்காலச் சிற்றுருவப் படைக்கு அதற்குள் வண்ணம் தீட்டி முடிக்க முடியுமா?

முடியும், ஒவ்வொரு வீரனுக்கும் கண்ணில் கருவிழி வைக்க உட்காராமல் இருந்தால். என் முதல் படைக்கு நான் அதைத்தான் செய்தேன். பத்து நாளில் முடிந்தவர்கள் நான்கு ஈட்டி வீரர்கள். மேசையில் நிறுத்திய பிறகு அந்தக் கண்கள் எனக்கே தெரியவில்லை.

எதிரில் ஆடுபவர் உங்கள் படையை மேலிருந்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால்தான் பார்ப்பார். அவர் கண்ணில் படுபவை தலைக்கவசம், தோள், கேடயம், ஈட்டி முனை, உருவங்களை ஒட்டி நிறுத்தும் பீடத்தின் ஓரம் ஆகியவை. 15 மில்லிமீட்டர் உருவத்தின் முகத்துக்குத் தோல் நிறம் பூசி, மேலே நீர்த்த பழுப்பு மையை ஓடவிட்டால் போதும். கண்குழி தானாக இருண்டுகொள்ளும். மிச்சமாகும் நேரத்தைக் கேடயத்துக்குக் கொடுங்கள்.

நான் ஆடுவது 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’ விதிகளில். படைக்கு 12 பீடங்கள்தான். இந்த உருவ அளவுக்கு ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர் அகலம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40 பொம்மைகள். ஆறு வாரம் தாராளம். நூற்றுக்கணக்கில் உருவங்கள் கேட்கும் விதிகள் என்றால் இந்த ஆண்டுப் போட்டியை மறந்துவிடுங்கள்.

என் படை ஹன்னிபாலின் கார்த்தேஜ், அதாவது ரோமை எதிர்த்துப் போரிட்ட வட ஆப்பிரிக்க அரசின் படை. கி.மு. 216இல் ஹன்னிபால் ரோமர்களை வென்ற கேன்னே போரை எழுதும்போது, அவர் படையிலிருந்த ஐபீரியர்கள் (இன்றைய ஸ்பெயின் பகுதி வீரர்கள்) ஊதாக் கரையிட்ட லினன் அங்கி அணிந்திருந்ததாகவும், லிபியர்கள் முந்தைய போர்களில் ரோமர்களிடம் பறித்த ஆயுதங்களைத் தாங்கி நின்றதாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்கிறார். தீட்டுபவருக்கு இது பெரிய வரம். கொள்ளையடித்த கவசம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்த்திருக்காது என்பதால், என் லிபியர்களில் எந்த இரண்டு பேரும் ஒரே நிறத்தில் இல்லை. தூரிகை சறுக்கிய இடங்களுக்கும் அது சாக்கு.

அந்த ஐபீரிய அங்கிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. நேராக வெள்ளை பூசினால் பிளாஸ்டிக் போல இருக்கிறது. முதலில் வெளிர் பழுப்பு, காய்ந்ததும் மடிப்புக்குழிகளை மட்டும் விட்டுவிட்டுத் தந்த நிறம், கடைசியாக மடிப்பின் முகட்டில் மட்டும் வெள்ளை. ஊதாக் கரையைத் தூரிகை நுனியால் கோடாக இழுக்காதீர்கள், கை நடுங்கும். தூரிகையின் பக்கவாட்டை விளிம்பின் மேல் வைத்து மெல்லத் தடவுங்கள். வழிந்தால் தந்த நிறத்தைத் தொட்டு மறைத்துவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. அச்சில் வார்த்தபோது உருவத்தில் பதிந்த வார்ப்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, வளையும் ஈட்டிகளை நறுக்கிவிட்டு எஃகுக் கம்பி பொருத்துங்கள். இதெல்லாம் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்பே. பிறகு எட்டுப் பேரை ஒரு குச்சியில் வரிசையாக ஒட்டி, எல்லோருக்கும் ஒரு நிறம் முடிந்த பிறகே அடுத்த நிறத்தைத் திறங்கள்.

மழை நாளில் வார்னிஷ் ஸ்பிரே வேண்டாம். போட்டிக்கு மூன்று நாள் முன்பு அவசரத்தில் அடித்தேன். காலையில் படை முழுவதும் பனி பெய்தது போல வெளுத்துக் கிடந்தது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசியதும் நிறம் திரும்பியது. மினுமினுப்பை அடக்க, வெயில் வந்ததும் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

ஒட்டும் பசையைப் போட்டிக்கும் எடுத்துச் செல்லுங்கள். என் யானைப் பாகன் முதல் சுற்றிலேயே, எதிரி தொடுவதற்கு முன்பே, கீழே விழுந்துவிட்டான்.