டபுள் பாஸ் படிக்கும் மகன்: ஜாஸா, கிளாசிக்கலா?

அக்கா, மகன் ஏ லெவல் முடித்ததும் டபுள் பாஸ்தான் (வயலின் மாதிரி, ஆனால் ஆளுயரத்துக்கு நிற்கும் வாத்தியம்), அதுவும் ஜாஸ்தான் என்று நிற்கிறான், பிழைத்துக்கொள்வானா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் மாதச் சம்பளம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். லண்டனில் பாஸ் வாசிப்பவர்களில் பலர் ஒரு நாள் ஆர்க்கெஸ்ட்ரா, ஓரிரு இரவு ஜாஸ் கிளப், நடுவில் ஒரு நாடக அரங்கு, பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு என்றுதான் வாரத்தை ஓட்டுகிறார்கள். வருமான வரியைக்கூட அவர்களே கணக்குப் பார்த்துக் கட்டவேண்டும்.

அவன் பியானோ எடுத்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டேன். டபுள் பாஸ் படிக்க வருகிற பிள்ளைகள் குறைவு, தேவையோ எல்லாப் பக்கமும் இருக்கிறது.

இதில் உங்களுக்கு அதிகம் தெரியாத இடம் வெஸ்ட் எண்ட், அதாவது லண்டனின் பெரிய நாடக அரங்குகளில் வாசிக்கும் மேடை இசை. அங்கே ஒரு ஷோவில் வழக்கமாக வாசிப்பவர் விடுப்பு எடுக்கும்போது தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவார். அந்த ஆள் முன்பே ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒத்திகையே இல்லாமல் நேரே டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் வாசிக்கவேண்டும். புதியவர்கள் உள்ளே நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். நோட்டேஷனைப் பார்த்தவுடனே வாசிக்கத் தெரியாதவன் இங்கே ஒரு இரவுகூடத் தாங்கமாட்டான். நிறைய ஷோக்களில் பாஸ் கிட்டாரும் அதே ஆள்தான் வாசிக்கவேண்டும், அதனால் அதையும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் வில், அதாவது கம்பியில் உரசி வாசிக்கும் வில். ஜாஸில் பெரும்பாலும் விரலால்தான் மீட்டுவார்கள், அதனால் வில் எதற்கு என்று பையன்கள் நினைக்கிறார்கள். என் கருத்து நேர் எதிர்: இந்த வயதில் வில்லைப் பிடித்துவிட வேண்டும், ஜாஸை அதோடு சேர்த்தே வாசிக்கலாம். இருபத்தைந்து வயதுக்கு மேல் வில்லுக்குத் திரும்பி ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுக்குத் தயாராவது ரொம்பக் கஷ்டம்.

அமெரிக்க ஜாஸ் பாஸ் கலைஞர் ரான் கார்ட்டரைப் பாருங்கள். சிறுவயதில் செல்லோ, பிறகு பாஸ், 1959-இல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பட்டம், 1961-இல் மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் முதுகலை. கறுப்பர் என்பதால் அந்தக் கால ஆர்க்கெஸ்ட்ராக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. 1963-இல் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார், பிற்பாடு ஜாஸில் அதிகப் பதிவுகளில் வாசித்த பாஸ் கலைஞர் என்று கின்னஸில் இடம்பெற்றார். அந்த ஆர்க்கெஸ்ட்ராப் பயிற்சி ஜாஸில் வீணாகவில்லை. இன்னொரு பக்கம் லண்டனின் சீ-சீ நவனோக்கு: ஓட்டப்பந்தய வீராங்கனை, முழங்கால் அடிபட்டபின் 18 வயதில்தான் பாஸைத் தொட்டார். பிறகு ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை பாஸ் கலைஞரானார், 2015-இல் சினேக்கே ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். உங்கள் மகன் தாமதமாகத் தொடங்கினான் என்ற கவலையை அதனால் விடுங்கள்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது இதுதான். இசைக்கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், மற்றப் பல்கலைக்கழகப் படிப்புகளைப்போல ஜனவரி வரை நீளாது. கிளாசிக்கல், ஜாஸ் இரண்டு பிரிவுக்கும் எழுதட்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, ஜாஸ் மாணவனுக்கு வில் வகுப்பு உண்டா, எத்தனை மணி நேரம் என்று ஆசிரியரிடமே கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அந்த இடம் வேண்டாம். சொந்த வாத்தியம் இப்போது வாங்காதீர்கள், பள்ளியிலோ கல்லூரியிலோ இரவல் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த கார் வாங்கும்போது மட்டும் பின்சீட்டை மடித்தால் பாஸ் படுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.