கதவு வளைவதற்குத் தகடு காரணமில்லை

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் உங்கள் சிறு பட்டறையில் துப்பாக்கிப் பெட்டகம் செய்யும்போது, 3 மில்லிமீட்டர் கதவு வெல்டிங் முடிந்ததும் வளைந்து தாழ்க்கம்பிகள் சிக்குவதாக எழுதியிருந்தீர்கள். தகட்டைக் குறை சொல்லாதீர்கள். வெல்டிங் போட்ட இடம் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கிறது, அவ்வளவுதான்.

உள்பக்கச் சட்டத்தை ஒரே ஓட்டமாக ஒட்ட வேண்டாம். முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, அப்புறம் 25 மில்லிமீட்டர் துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். கனமான மேசையில் கிளாம்ப் போட்டபடியே முழுக்க ஆறட்டும். தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தாதீர்கள். கதவு ஓரங்களை மடித்து எடுத்தால் வெல்டிங்கே நிறையக் குறையும், நான் அதைத்தான் விரும்புவேன். பூட்டும் தாழும் கதவு நேரான பிறகுதான்.

தீயைத் தாங்குவதற்காக உள்ளே ஜிப்சம் பலகை வைத்தால் துப்பாக்கி அதைத் தொடக் கூடாது. அந்தப் பலகை ஈரத்தைப் பிடித்து வைக்கும், நம் ஊர் ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.